"பாசத்துலதான் அடிச்சான்" – இந்தப் பாடத்தை யார் படிப்பித்தது?

லுணுகலை, ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமை, பசறைப் பக்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும், மத வேறுபாடு இல்லாமல், இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வாலிப வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பொறுமையாக வாசியுங்கள். முடிந்தால் வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து வாசியுங்கள்.

2025 ஜனவரி 11ஆம் திகதி கண்டி மாவட்டம் தவுலகலையில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. வகுப்புக்கு நடந்து போன உயர்தர மாணவி ஒருவரைப் பட்டப்பகலில் வேனுக்குள் இழுத்துப் போட்டுக் கொண்டு போனார்கள். சீசீடிவியில் பதிவான அந்தக் காட்சி நாடு முழுக்க எல்லோருடைய போனிலும் ஓடியது. ஓரிரு நாளில் அந்தப் பிள்ளை அம்பாறையில் மீட்கப்பட்டார். கைதான பிரதான சந்தேக நபர் வெளியாள் இல்லை, சொந்தக்காரர்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2023 ஜனவரி 17ஆம் திகதி, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் கொழும்புப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கழுத்து வெட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகத்தில் கைதானவர் அதே பல்கலைக்கழகத்தில் படித்த அவரது காதலர். அந்த உறவிலிருந்து விலக அந்தப் பிள்ளை விரும்பியதுதான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன.

இந்த இரண்டு சம்பவமும் நடந்தபோது எமது ஊர்க் கடைகளிலும் பஸ்ஸிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் பேசப்பட்டது என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை ஏன் அந்த வழியால் போனது? ஏன் பழகியது? பழகிவிட்டு ஏன் வேண்டாம் என்றது? வீட்டார் ஏன் போன் வாங்கிக் கொடுத்தார்கள்? கேள்வி முழுக்கப் பெண் பிள்ளையின் பக்கம். அந்தப் பொடியனுக்கு "இவள் என் சொத்து, மாட்டேன் என்று சொல்ல இவளுக்கு உரிமை இல்லை" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

கொலையும் கடத்தலும் தூரத்தில் நடப்பவை என்று நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் படிகள் எல்லாம் எமது ஊரிலும் இருக்கின்றன. போனைப் பிடுங்கிப் பார்ப்பது. பாஸ்வேர்ட் கேட்பது. "நான் எடுக்கும்போது உடனே தூக்க வேண்டும்" என்பது. இன்னாரோடு பேசாதே, அந்த வகுப்புக்குப் போகாதே என்பது. பஸ் தரிப்பிடத்தில் எல்லோரும் பார்க்கக் கையை முறுக்குவது. கன்னத்தில் அறைவது. அடுத்த நாள் சொக்லட்டும் மன்னிப்பு வொய்ஸ் மெசேஜும் அனுப்புவது. "நீ விட்டுட்டுப் போனா நான் கையை அறுத்துக்குவேன்" என்று பயமுறுத்துவது. "போட்டோவைப் போட்டுடுவேன்" என்பது. இவற்றைப் பாசத்தின் அடையாளமாக நினைக்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாக நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "பாசம் இருக்கிறதாலதான் சேர் அடிச்சான், இல்லாட்டி ஏன் அடிக்கப் போறான்" என்று அடி வாங்கிய பிள்ளையே வக்காலத்து வாங்குகிறது.

அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்தப் பொடியனுக்குக் கை ஓங்கப் பழக்கியது யார்? எமது கருத்து இதுதான். கை ஓங்கப் பழகுவது வீட்டில். ஓங்கினால் தப்பில்லை என்ற அனுமதி கிடைப்பது கூட்டாளிமாரிடம். இரண்டையும் விட்டுவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது.

முதலில் வீட்டைப் பார்ப்போம்.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் பண்டுரா என்ற உளவியல் அறிஞர் மூன்று முதல் ஆறு வயது வரையான 72 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மை ஒன்றை அடித்து உதைப்பதைச் சில பிள்ளைகள் பார்த்தார்கள். வேறு சிலருக்கு முன்னால் பெரியவர் அமைதியாக இருந்தார். பிறகு பிள்ளைகளைத் தனியே விளையாட விட்டபோது, அடியைப் பார்த்த பிள்ளைகள் அதேபோல அடித்தார்கள். பெரியவர் சொன்ன அதே வார்த்தைகளைக்கூடச் சொன்னார்கள். யாரும் "அடி" என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பார்த்தார்கள், பழகினார்கள், அவ்வளவுதான்.

பொம்மைக்கே இப்படி என்றால், பத்துப் பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே பார்ப்பது என்ன செய்யும்? லயத்து அறைகளில் மறைவு என்று ஒன்றே இல்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் கேட்கும். டவுனில் கடைக்கு மேலே குடியிருக்கும் வீடுகளிலும் அப்படித்தான். பிள்ளை தூங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பிள்ளை போர்வைக்குள் முழித்துக்கொண்டு கிடக்கிறது.

அந்தப் பிள்ளை படிப்பது அடியை மட்டுமல்ல. அடி எப்படி வேலை செய்கிறது என்பதையும் படிக்கிறது. வாப்பாவுக்குக் கோபம் வந்தது, சாப்பாட்டுத் தட்டு பறந்தது, உம்மா வாயை மூடிக்கொண்டார், பிரச்சினை முடிந்தது. அடுத்த நாள் ஒன்றும் நடக்காத மாதிரி எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள். ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம், "கத்தினால், அடித்தால் காரியம் நடக்கும், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்." பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம், "பொறுத்துப் போகிறவள்தான் நல்ல பெண், அடிக்கிறவனும் பாசமாகத்தான் இருப்பான்." பத்து வருடம் கழித்து அந்த இரண்டு பாடமும் ஒரு காதலில் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இது வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. கெயார் நிறுவனம் எமது நாட்டில் கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. மனைவி அல்லது துணையோடு வாழ்ந்த ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், அந்தப் பெண் மீது உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறை செய்ததாகத் தானே ஒத்துக்கொண்டார். எதிராளி சொன்னதல்ல, செய்தவர் வாயால் வந்தது. அதே காலத்தில் இலங்கை உட்பட ஆறு நாடுகளில் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், சின்ன வயதில் அடியும் அவமானமும் அனுபவித்த ஆண்களே பிற்காலத்தில் துணையை அதிகம் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தது. 2019இல் எமது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ரீதியில் பெண்களிடம் எடுத்த கணக்கும் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஐந்தில் ஒருவர். சரியாகச் சொன்னால் 20.4 சதவீதம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அடிக்கிறவர்களாக ஆவதில்லை. அப்படி வளர்ந்து, "என் வீட்டில் இது நடக்கக் கூடாது" என்று முடிவெடுத்து, மனைவி மக்களைத் தங்கமாக வைத்திருக்கும் எத்தனையோ பேர் எமது ஊரில் இருக்கிறார்கள். அதனால் "வாப்பா அப்படி, மகனும் அப்படித்தான்" என்று யாருக்கும் முத்திரை குத்த வேண்டாம். வீடு ஒரு சாய்வைத்தான் கொடுக்கிறது. அந்தச் சாய்வில் பிள்ளையை உருட்டி விடுவதும், நடுவில் பிடித்து நிறுத்துவதும் வேறு ஆட்கள். அவர்களுக்குப் பிறகு வருவோம்.

அடியில்லாத வீடுகளிலும் பாடம் நடக்கிறது. பன்னிரண்டு வயதுத் தம்பியை, பதினேழு வயதுத் தாத்தாவுக்குக் காவலாக அனுப்புகிறோம். அவள் யாரோடு பேசினாள் என்று வந்து சொல்லச் சொல்கிறோம். அவன் அவளை அதட்டினால் "ஆம்பிளைப் பிள்ளை, பொறுப்பா இருக்கான்" என்று சிரிக்கிறோம். பெண்ணைக் கண்காணிப்பதும் அதட்டுவதும் ஆணின் வேலை என்று அவன் முதலில் படிப்பது அங்கேதான். நாளைக்கு அவன் காதலியின் போனைப் பிடுங்கும்போது, வீட்டில் பாராட்டு வாங்கித் தந்த அதே வேலையைத்தான் அவன் செய்கிறான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எமது பகுதியில் எத்தனை வீடுகளில் உம்மா சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார்? எத்தனை வாப்பாமார் கொழும்பில் கடையில் நின்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள்? அது வயிற்றுப் பாடு, குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வாப்பிச்சாவோ பாட்டியோ வளர்க்கும் அந்தப் பிள்ளைக்கு, கோபம் வந்தால் என்ன செய்வது, ஒருவர் "வேண்டாம்" என்றால் எப்படித் தாங்குவது என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை. மாதா மாதம் காசு வருகிறது, போன் வருகிறது. மீதியைக் கூட்டாளிமார் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பாடசாலையும் இதற்கு வெளியே இல்லை. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையே பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததில் காது கேட்காமல் போன மாணவன் ஒருவனின் வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் "ரெண்டு போடுங்க சேர், அப்பதான் திருந்துவான்" என்று பெற்றோரே வந்து சொல்வது இன்னும் நிற்கவில்லை. பலமுள்ளவன் பலமில்லாதவனைத் திருத்த அடிக்கலாம் என்று பதின்மூன்று வருடம் வகுப்பறையில் காட்டிவிட்டு, காதலியை அடிக்காதே என்று பதினான்காவது வருடம் சொன்னால் எப்படி ஏறும்?

இனிக் கூட்டாளிமார்.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 1980களில் ஆரம்பித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வசதி குறைந்த, குற்றம் கூடிய சுற்றாடலில் வளர்ந்த 206 ஆண் பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து பல வருடங்களாகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களைக் கூட்டாளி ஒருவரோடு உட்கார வைத்துப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் எடுத்ததைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. சில சோடிகளில், ஒருவன் நல்ல விஷயம் பேசினால் மற்றவன் சும்மா இருப்பான். சண்டை, களவு, அடாவடி பற்றிப் பேசினால் சிரிப்பான். சிரிப்பு எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பேச்சு போகும், பிறகு நடத்தையும் போகும்.

அதே பிள்ளைகள் பதினேழு பதினெட்டு வயதானபோது, கூட்டாளியோடு பெண்களைப் பற்றி எவ்வளவு கேவலமாகவும் வெறுப்பாகவும் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு இருபது வயது தாண்டி அவர்களுக்குக் காதலியோ மனைவியோ வந்தபோது போய்ப் பார்த்தார்கள். கூட்டாளியோடு பெண்களைப் பற்றி அப்படிப் பேசியவர்களே பின்னால் தம் துணையிடம் அதிகம் மூர்க்கமாக நடந்துகொண்டார்கள். டெபோரா கபால்டி, தோமஸ் டிஷன் ஆகியோர் இதை 2001இல் வெளியிட்டார்கள்.

"பொடியன்மார் சும்மா பகிடிக்குப் பேசுறாங்க, விடுங்க" என்று நாம் தட்டிக் கழிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து விளங்கும். பகிடிதான் ஒத்திகை.

எமது ஊருக்கு வாருங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில், ஓட்டோ தரிப்பிடத்தில், கெரம் போர்ட்டைச் சுற்றி, வட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கிறது? ஒருவன், அவளுக்கு நேற்று ஒரு அறை விட்டேன் என்கிறான். நான்கு பேர் சிரிக்கிறார்கள். ஒருவன் தோளில் தட்டுகிறான். அவள் எடுத்த எடுப்பில் பதில் அனுப்பவில்லை என்று இன்னொருவன் கவலைப்பட்டால், "நீ ஆம்பிளையா? இப்பவே அவளுக்குப் பயமா?" என்று கேட்கிறார்கள். மூன்றாமவன் அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்ததாக ஸ்கிரீன்ஷொட் அனுப்புகிறான். நான்காமவன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, "போய் கேளு மச்சான்" என்கிறான். கை ஓங்கியது ஒருவன்தான். ஆனால் அந்தக் கையைத் தூக்கிவிட்டது நான்கு பேர்.

அந்த நான்கு பேரில் இரண்டு பேருக்காவது அது பிடித்திருக்காது. அவர்கள் வீட்டிலும் தங்கச்சி இருக்கிறாள். ஆனால் வாய் திறந்தால் தன்னைக் கேலி செய்வார்கள் என்ற பயத்தில் அவர்களும் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவனும் "மற்ற எல்லாருக்கும் இது சரியாத்தான் படுது" என்று நினைத்துக்கொள்கிறான். அடித்தவனும் அப்படியே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

பெண் பிள்ளைகளின் கூட்டத்திலும் இது உண்டு. "அவன் உன்னை செக் பண்றான்னா உன் மேல அவ்வளவு பாசம்டி", "எனக்கெல்லாம் இப்படி ஒருத்தன் இல்லையே" என்று சொல்லிக் கொடுப்பது கூட்டாளிகள்தான். பெண் பிள்ளைகளும் போனைப் பிடுங்குவதும், கேவலமாகத் திட்டுவதும், கை நீட்டுவதும், செத்துவிடுவேன் என்று பயமுறுத்துவதும் நடக்கத்தான் செய்கிறது. அதுவும் தப்புத்தான். ஆனால் காயத்தோடு வைத்தியசாலைக்குப் போவதும், பயத்தில் படிப்பை விடுவதும், போட்டோ வெளியே வந்தால் ஊரை விட்டே போவதும் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண் பிள்ளைதான்.

சினிமாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வேண்டாம் என்று சொல்பவளைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைக்கும் கதாநாயகனைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். ஆனால் படம் தனியாக ஒருவனைக் கெடுப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவன் யாரோடு உட்கார்ந்து பேசுகிறான், அவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். "காதலே கூடாது என்று சொல்ல வேண்டிய நீங்கள், காதலில் எப்படி நடந்துகொள்வது என்று பேசுகிறீர்களே?" நியாயமான கேள்விதான். மார்க்கம் போட்ட எல்லையை யாரும் இங்கே மறுக்கவில்லை. ஆனால் கூடாது என்று சொல்லிவிட்டதால் அது நடக்காமல் இருக்கிறதா? இருபது வயதில் ஒருத்தியை அறைந்து பழகிய கை, இருபத்தாறு வயதில் நிக்காஹ் முடிந்ததும் தானாகப் பூப்போல ஆகிவிடாது. அந்தக் கைதான் நாளைக்கு உங்கள் மகளையும் எங்கள் மகளையும் கைப்பிடிக்கப் போகிறது.

இன்னும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஒளித்துப் பழகும் உறவில் அடி விழுந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? வீட்டில் சொன்னால் முதல் அடி அவளுக்குத்தான் விழும். போன் பறிபோகும், படிப்பு நிற்கும், கிடைத்த மாப்பிள்ளைக்கு அவசரமாகக் கட்டி வைப்போம். சில நேரம் "மானம் போச்சு" என்று, அடித்தவனுக்கே கட்டி வைப்போம். அடிப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். "வீட்டில் சொல்லு பார்ப்போம்" என்று அவன் தைரியமாகச் சொல்வது எமது இந்தப் பழக்கத்தை நம்பித்தான். நாம் கண்டிப்பு என்று நினைப்பது அவன் கையில் ஆயுதமாக இருக்கிறது.

ஆகவே பெற்றோரிடம் எமது முதல் வேண்டுகோள் இது. "நீ எந்தத் தப்புச் செய்திருந்தாலும், யாராவது உன்னைப் பயமுறுத்தினால் என்னிடம் வா. முதலில் உன்னைக் காப்பாற்றுவேன், மற்றதைப் பிறகு பேசுவோம்" என்று மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. வந்து சொல்லும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். படிப்பை நிறுத்தாதீர்கள்.

மகன்களுக்கும் சொல்ல வேண்டும். ஒருத்தி வேண்டாம் என்றால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அழுகை வந்தால் அழலாம். இரண்டு நாள் சாப்பாடு இறங்காது, பிறகு சரியாகிவிடும். தோல்வியைத் தாங்கும் ஆண் பிள்ளை கோழை இல்லை. இதை வாப்பா வாயால் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? கணவன் மனைவிக்குள் சண்டை வராத வீடு இல்லை. சண்டை வந்த பிறகு "நான் கத்தினது பிழை" என்று பிள்ளைகளுக்கு முன்னால் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும் வாப்பா, நூறு உபதேசத்தைவிடப் பெரிய பாடம் நடத்துகிறார். நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி எமக்கெல்லாம் தெரியும். தாடியிலும் உடையிலும் சுன்னத்தைத் தேடும் நாம், கையிலும் அதைத் தேட வேண்டும்.

இனி இதை வாசிக்கும் வாலிபர்களுக்கு.

நல்ல கூட்டாளியைக் கஸ்தூரி விற்பவருக்கும், கெட்ட கூட்டாளியைக் கொல்லன் உலைத் துருத்தி ஊதுபவனுக்கும் ஒப்பிட்ட ஹதீஸைச் சின்ன வயதில் மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்ட சகோதரனுக்கு மட்டுமல்ல, அநியாயம் செய்கிற சகோதரனுக்கும் உதவச் சொன்னார்கள் நபியவர்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டபோது, அவனை அதைச் செய்யவிடாமல் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். ஆக, கூட்டாளி என்றால் பக்கத்தில் நிற்பவன் மட்டுமல்ல. தேவைப்படும்போது குறுக்கே நிற்பவன்.

தவுலகலைக் காட்சியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அந்த வேனை ஓட்டியவர் ஒருவர். அதே வேன் பாய்ந்து போகும்போது ஓடி வந்து அதில் தொங்கிக்கொண்டு, உயிரைப் பொருட்படுத்தாமல் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்த வழிப்போக்கர் இன்னொருவர். நாடே பாராட்டியது அவரைத்தான். ஒவ்வொரு கூட்டாளி வட்டத்திலும் இந்த இரண்டு வேலைக்கும் ஆள் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கொடுப்பவனும், ஸ்கிரீன்ஷொட் அனுப்புபவனும், சிரிப்பவனும் வேன் ஓட்டுகிறவர்கள்.

வேனில் தொங்கும் அளவுக்குத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. ஆனால் ஆரம்பத்திலேயே தடுக்க அவ்வளவு துணிச்சல் தேவையும் இல்லை. அவன் அறைந்த கதையைச் சொல்லும்போது சிரிக்காமல் இருங்கள். அந்த மௌனமே அவனுக்கு உறைக்கும். கூட்டத்துக்கு முன்னால் சொல்லப் பயமாக இருந்தால், பிறகு தனியாக, "மச்சான், நீ செய்தது சரியில்லை" என்று சொல்லுங்கள். யாருடைய போட்டோவாவது குழுவுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழியுங்கள், அனுப்பியவனிடமும் அழிக்கச் சொல்லுங்கள். கோபத்தில் வண்டிச் சாவி கேட்டால் கொடுக்காதீர்கள். தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மணித்தியாலம் கழிந்தால் பாதிக் கோபம் போய்விடும். "நான் செத்துடுவேன்" என்று அவன் சொன்னால் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்த நேரமும் எடுக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். கூட்டாளி ஒருத்தி கையில் தடிப்போடு வந்தால் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "அது பாசம் இல்லை" என்று சொல்லுங்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். விலக நினைத்தால் தனியான இடத்தில் "கடைசியாக ஒரு தடவை" சந்திக்கப் போக வேண்டாம். உறவு முறியும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். குதிரைப் பந்தயத் திடலில் பறிபோன உயிர் எமக்குச் சொல்லித் தந்தது அதுதான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்போம். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். ஆனால் அது கணவன் மனைவிக்கும், சேர்ந்து வாழ்பவர்களுக்கும், குடும்ப உறவினர்களுக்கும் உரியது. சேர்ந்து வாழாத காதலன் காதலி அதற்குள் வருவதில்லை. அதற்காக அவர்களுக்குச் சட்டமே இல்லை என்று அர்த்தமில்லை. அடிப்பதும், பயமுறுத்துவதும், போட்டோவைக் காட்டி மிரட்டுவதும் யார் யாருக்குச் செய்தாலும் குற்றம்தான். பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் 109, பெண்கள் உதவி இலக்கம் 1938, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1929. இந்த இலக்கங்களைச் சுவரில் அல்ல, பிள்ளைகளின் போனில் பதிந்து கொடுங்கள்.

கடைசியாக எமது பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலய நிர்வாகத்தினருக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒழுக்கம் பற்றிப் பேசும் கூட்டங்கள் போதுமான அளவு நடந்துவிட்டன. உயர்தர வகுப்பு ஆண் பிள்ளைகளுக்கும், படிப்பை விட்டுவிட்டுச் சும்மா நிற்கும் வாலிபர்களுக்கும், முக்கியமாக வாப்பாமாருக்கும், ஒரு கூட்டம் போடுவோம். ஜும்ஆ குத்பாவில் ஒரு வாரம் இதற்குக் கொடுக்கலாம். கிரிக்கெட் அணித் தலைவர்களையும் ஓட்டோ சங்கத்தினரையும் பிடியுங்கள். பொடியன்மார் எம் பேச்சைவிட அவர்கள் பேச்சைக் கேட்பார்கள். பணம் பெரிதாகத் தேவைப்படாத வேலை இது.

பிணக்கு வந்தால் "ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சிட்டோம்" என்று மூடி வைக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்துவோம். பேசி முடித்தது யாருக்கு நிம்மதி என்று ஒரு தடவை அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். ஆனால் எந்தச் சம்பவத்தையும், எந்தப் பிள்ளையின் பெயரையும் அங்கே எழுத வேண்டாம். உதவி தேவைப்பட்டால் இன்பொக்ஸில் வாருங்கள். பிரயோசனமாக இருந்தால் குடும்பக் குழுக்களிலும், பழைய மாணவர் குழுக்களிலும் பகிருங்கள்.

எமது ஆண் பிள்ளைகளின் கைகளையும் பெண் பிள்ளைகளின் வாழ்வையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.